குரல் கண்டுபிடிக்கிற விளையாட்டு

மழை நாளில் பதினொரு பிள்ளைகளை ஒரே அறைக்குள் எப்படி வைத்திருப்பது என்று யாராவது கேட்டால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். பத்து வருஷமாகத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அதைத்தான் செய்கிறேன். காலையில் அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மாலையில் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். மழைக்கெல்லாம் தேயிலை லீவு கொடுக்காது. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு அவர்கள் வெளியே நனைவார்கள். நான் உள்ளே பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவேன்.

எங்கள் அறை சின்னது. ஒரு பக்கம் கைக்குழந்தைகளின் தொட்டில்கள், மறுபக்கம் அலுமாரி. கார்த்திகை, மார்கழியில் மாத்தளைப் பக்கம் மழை பிடித்தால் சீமெந்துத் தரை வேர்த்துப்போகும். ஓடிப்பிடித்தால் வழுக்கும். ஒருத்தன் ஜன்னல் விளிம்பில் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஓடுகிற விளையாட்டையெல்லாம் நிறுத்திவிட்டேன். ரயில் விளையாட்டும் அதோடு போயிற்று. உட்கார்ந்தபடி ஆட ஒன்று வேண்டுமே என்று நானே யோசித்துக் கண்டுபிடித்ததுதான் இந்தக் குரல் விளையாட்டு. கண்டுபிடித்தேன் என்று சொல்லும்போது அப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வரும்.

வட்டமாக உட்கார வேண்டும். நடுவில் ஒரு பிள்ளை, கண்ணில் துண்டு கட்டியிருக்கும். வட்டத்தில் நான் யாரைத் தொடுகிறேனோ அந்தப் பிள்ளை குரலை மாற்றி "நான் யாரு?" என்று கேட்கும். நடுவில் இருப்பது பேரைச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை பிழையாகச் சொன்னால் மூலையில் போய்ச் சேவல் மாதிரிக் கூவ வேண்டும். தகரக் கூரையில் மழை அடிக்கிற அடியில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. அதனால் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு அசையாமல் இருப்பார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த விளையாட்டில் ஒரு சின்னப் பெண்ணை யாராலும் வெல்ல முடியாது. நாலு வயது. இருமுகிற இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். தோற்பது மட்டும் அவளுக்கு ஆகாது. ஒரே ஒரு தடவை சேவலாகக் கூவ வேண்டி வந்தது. அன்று மாலை வரை விக்கி விக்கி அழுதாள், சோறும் தின்னவில்லை.

அவளுடைய அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்த கையோடு போனவள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். பிள்ளையை வைத்திருந்தது அப்பாவின் அக்கா. அவர்கள் இருக்கிற லயத்துக் காம்பரா ஒழுகுகிறது, தோட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச் காணித் துண்டில் ஒரு வீட்டைக் கட்டிவிட வேண்டும். அதற்காகத்தான் அம்மா போனாள்.

வெள்ளிக்கிழமை பகலில் மட்டும்தான் குவைத் வீட்டுக்காரி அவள் கையில் ஃபோனைக் கொடுப்பாள். அத்தைக்காரி அந்த நேரம் மலையில் இருப்பாள். ஆகவே அம்மா எனக்குத்தான் கோல் எடுப்பாள். முதல் கொஞ்ச மாதம் பிள்ளை ஃபோனைப் பார்த்து அழுதது. பிறகு சிரித்தது. பிறகு, யாரோ ஒரு அக்கா ஃபோனில் வருகிறாள் என்பது போல ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடும். அந்த வீட்டுக்காரி வீடியோ கூடாது என்று சொன்ன பிறகு வெறும் குரல்தான். குரலுக்குப் பிள்ளை வருவதே இல்லை.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. "பாப்பா இப்பதான் தூங்குறா" என்றேன். "காலையில வந்ததும் அம்மா எப்ப வருவாங்கன்னுதான் கேட்டா" என்றேன். வாரத்துக்கு ஒன்றாகப் பொய் சொன்னேன். தூரத்தில் கிடந்து மாரடிக்கிறவளுக்கு ஒரு வாய் சர்க்கரை கொடுக்கிறேன் என்று நினைப்பு. சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது பொய் சொன்னேன் என்று மட்டும் சுவாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். எந்தப் பொய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பொய்களை நம்பித்தான் அவள் ஊருக்கு வர முடிவெடுத்தாள். தை மாதத்தோடு இரண்டு வருஷ அக்ரிமென்ட் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு என்று வீட்டுக்காரி ஒற்றைக்காலில் நின்றாளாம். "பிள்ளை இப்பிடித் தேடுதே டீச்சர். வீடு கெடக்கட்டும், நான் வந்துர்றேன்" என்றாள். நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று எனக்குச் சந்தோஷம்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. விடியற்காலையிலிருந்து ஒரே ஊற்று. யட்டவத்தைப் பக்கம் ரோட்டில் மண் விழுந்து பஸ் லேட், நான் நனைந்து வந்து சேர்ந்திருந்தேன். பிள்ளைகள் வட்டம் போட்டிருந்தார்கள். நடுவில் அந்தச் சின்னப் பெண்தான், மூன்று பேரை வரிசையாகச் சொல்லிவிட்டுத் துண்டுக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் அம்மாவின் ஃபோன் வந்தது.

"என்ன டீச்சர் சத்தம்?"

"விளையாடுறாங்க. உங்க மகதான் நடுவுல. கண்ணக் கட்டியிருக்கு. ரெண்டு தடவ பிழைச்சா சேவல் மாதிரி கூவணும்."

"நானும் வரவா விளையாட்டுக்கு?" என்றாள். குரலே சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. "என்னயக் கண்டுபிடிக்கிறாளான்னு பாப்போமே."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். சிக்னல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் சொன்னவளுக்கு அன்றைக்கு ஒன்று கிடைக்கவில்லை. என் பொய்யை நானே நம்பத் தொடங்கியிருந்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. பெற்றவள் குரல் தெரியாமலா போகும் என்று நினைத்தேன். மற்றப் பிள்ளைகளைப் பார்த்து வாயில் விரலை வைத்துவிட்டு, ஃபோனைச் சத்தமாகப் போட்டுப் பிள்ளையின் காதருகே பிடித்தேன்.

"நான் யாரு?" என்று கேட்டாள் அம்மா. குரலை மாற்றவில்லை. மாற்ற அவளுக்கு மனம் வந்திருக்காது.

பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டாள். மழை விடாமல் அடித்தது.

"அத்தை."

பிள்ளைகள் "இல்ல, இல்ல" என்று கத்தினார்கள். ஒரு தடவை போயிற்று.

"நல்லாக் கேளு பாப்பா," என்றாள் அம்மா. "நான் யாரு? சொல்லு பாப்போம். நான்தான். நான் யாரு தங்கம்?"

அந்தச் சின்ன முகம் சுருங்கியது. தோற்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உதடு பிதுங்கத் தொடங்கியது. பெரிய ஆள் குரல், அத்தையும் இல்லை. அவள் உலகத்தில் பெரிய பொம்பளை வேறு யார் இருக்கிறார்கள்?

"டீச்சர்," என்றாள்.

யாரும் கத்துவதற்கு முன்னால் ஃபோனிலிருந்து பதில் வந்துவிட்டது.

"ஆமா பாப்பா, டீச்சர்தான். சரியாச் சொல்லிட்ட."

பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்கள், பிறகு கை தட்டினார்கள். பிள்ளை துண்டை இழுத்துப் போட்டுவிட்டு, ஃபோன் பிடித்திருந்த என் கையைத் தட்டிவிட்டு, என் இடுப்பைக் கட்டிக்கொண்டது. ஜெயித்த சந்தோஷம். நான் ஃபோனைக் காதில் வைத்து, "மழை சத்தம்மா, ஒன்னுமே கேக்கல இங்க" என்றேன். "தெரியும் டீச்சர்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அத்தைக்காரி வந்து பிள்ளையைக் கூட்டிப்போன பிறகு, பஸ்ஸுக்கு நிற்கும்போது குவைத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. அழவில்லை. விலை விசாரிப்பது போலப் பேசினாள்.

"டீச்சர், மறைக்காமச் சொல்லுங்க. பாப்பா ஒருநாளாவது என்னயத் தேடுனாளா? இல்லன்னு சொன்னாலும் கோவிக்கமாட்டேன். தேடுறான்னா அடுத்த மாசம் வந்துருவேன். தேடலன்னா இன்னும் ரெண்டு வருஷம் இருந்து வீட்டையாவது கட்டிட்டு வர்றேன். தேடாத பிள்ளைக்கு நான் ஓடி வந்து என்ன செய்ய?"

பஸ்ஸில் நின்றுகொண்டே நாலு தடவை கேட்டேன். பதில் சொல்ல மூன்று தடவை ஃபோனை வாயருகே கொண்டுபோனேன். தேடுகிறாள் என்று சொன்னால் இனி அவள் நம்பமாட்டாள். தேடவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. நான் கேட்டுவிட்டேன் என்பது அந்த நீலக் குறியில் அவளுக்குத் தெரியும். அன்று பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து கோல் வரவில்லை. ஒரு செய்தி மட்டும் வந்தது. "கையெழுத்து போட்டுட்டேன் டீச்சர். பாப்பாவ பாத்துக்கங்க."

இப்போது மழை நாளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி ஒப்பேற்றுகிறேன். அவர்களாகவே துண்டை எடுத்து வந்து கேட்டாலும் ஏசி உட்கார வைத்துவிடுகிறேன். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவள் கேள்விக்கு இரண்டு பதில்தான் இருக்கிறதென்று நான் நினைத்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை. மூன்றாவது ஒன்று இருந்தது. ஒரு மத்தியானம் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தபோது அது தன்பாட்டில் வாயில் வந்தது: பிள்ளை தேடல, அதனாலதான் நீங்க இப்பவே வரணும். அவள் கையெழுத்துப் போட்டு அப்போது ஐந்து நாள் ஆகியிருந்தது.