சீர்த்தட்டில் வந்த ஏரோப்ளேன்

கன்னியப்பன் எனக்குக் கொழுந்தன் முறை. என் வீட்டுக்காரருடைய சித்தி மகன். அந்தச் சித்திக்கு இரண்டே பிள்ளைகள்: இவன், இவனுக்கு அடுத்தவள் அமிர்தவல்லி. இவன் புதுச்சேரி மில்லில் தறி ஓட்டினான். அவளைத் தவளக்குப்பத்தில் நிலம் நீச்சு உள்ள வீட்டில் கொடுத்திருந்தோம். அவள் மாமியார் வீராயிக்கு மில்லுக்காரர்கள் என்றாலே இளக்காரம்.

எண்பத்திரண்டில் மில்லை மூடிவிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வீட்டுக்குக் கன்னியப்பன் காவல் போனான். அவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பெட்டி ஒன்றைப் பிரிக்காமலே இவனிடம் கொடுத்துவிட்டார். உள்ளே பொம்மை ஏரோப்ளேன் செய்வதற்கான பல்சா என்கிற கட்டை. கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. அதைப் பிளேடால் கீறி, விலா எலும்பு மாதிரி ஒவ்வொன்றாக ஒட்டி ரெக்கை செய்தான். மேலே மெல்லிய காகிதம் போர்த்தினான். மூக்கில் ஒரு விசிறி. மூக்கிலிருந்து வால் வரைக்கும் உள்ளே ரப்பர், அறாமல் இருக்க அதற்கு விளக்கெண்ணெய். விசிறியைச் சுற்றி ரப்பரை முறுக்கிவிட்டால் முறுக்குப் பிரியும் வேகத்தில் பறக்குமாம்.

அமிர்தவல்லி மகள் தனக்கொடி லீவுக்கு வந்திருந்தபோது கேட்டாள்: "மாமா, முடிச்சதும் எனக்குத்தான?"

"ஒனக்கு இல்லாம யாருக்கு?"

அவன் முடிப்பதற்குள் தனக்கொடி பெரியவளாகிவிட்டாள். தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். அமிர்தவல்லி சொல்லியனுப்பினாள்: "அண்ணன் சீரப் பாத்துட்டுத்தான் எம் மாமியா வாயத் தொறக்கும். எம் மானம் அண்ணன் கையில."

சடங்கன்றைக்குத் தவளக்குப்பம் கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கித் தட்டுகளை அடுக்கினோம். எண்ணினால் எட்டு. சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். ஒன்றைக் குறைத்தால் வீராயி பேசுவாள், கூட்டவோ கையில் ஒன்றுமில்லை. பிள்ளையிடம் தனியாகக் கொடுக்கலாமென்று கன்னியப்பன் ஒருவழியாக முடித்திருந்த ஏரோப்ளேனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அவன் பெண்சாதி மணியம்மாள் அதை வாங்கி ஒரு வெறுந்தட்டில் வைத்து, மூக்கில் குங்குமமும் வைத்தாள்.

"இது எதுக்குடி?"

"ஒம்பதாயிடுச்சில்ல? பேசாம நடய்யா."

மேளம் முன்னே போக நாங்கள் பின்னே போனோம். தெருவே சிரித்தது. வாசலில் அமிர்தவல்லியின் கொழுந்தன் சக்கரபாணி நின்றான்.

"வா மச்சான்! பஸ்ஸுல வருவேன்னு பாத்தா ஏரோப்ளேன்லயே வந்துட்ட! எத்தினி சீட்டு?"

வீராயி தட்டைத் தொடவே இல்லை. "மாமனுக்கு வெளாட்டுச் சாமான்தான் அகப்பட்டுச்சா? எம் பேத்தி என்ன கைக்கொழந்தையா?"

அமிர்தவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் கன்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"வெளாட்டுச் சாமான் இல்ல அத்த. நெசமாவே பறக்கும்."

"எங்க, உடு பாக்கலாம்" என்றான் சக்கரபாணி.

"வேணாய்யா" என்று மணியம்மாள் புருஷன் துண்டைப் பிடித்து இழுத்தாள். அவன் காதில் வாங்காமல் விசிறியை முறுக்கினான்.

பறந்தது. பந்தலைத் தாண்டி, ஓட்டுக்கூரையைத் தாண்டி வட்டமடித்தது. சிரித்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். மேளக்காரர் அடிப்பதை மறந்துவிட்டார். கன்னியப்பன் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ரப்பர் ஓய்ந்ததும் அது மெல்ல இறங்கி, வீட்டோரம் பச்சை ஓலையில் தாய்மாமன் முறைக்கு அவனே முன்னமே வந்து கட்டிக்கொடுத்திருந்த குடிசைக்கு முன்னால் உட்கார்ந்தது.

அந்தக் குடிசைக்குள்தான் தனக்கொடி இருந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி மாமன் புடவை கட்டும்வரை ஆண்கள் கண்ணில் படக்கூடாது. ஆனாலும் பிள்ளைதானே. அவிழ்ந்த தலையும் பழைய பாவாடையுமாக ஓடிவந்து அதைத் தூக்கிக்கொண்டு, "மாமா, பறந்துடிச்சி மாமா!" என்று கத்தியபடி கூட்டத்து நடுவில் வந்து நின்றாள்.

வீராயி தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் பிள்ளைக்குத் தான் எங்கே நிற்கிறோமென்று உறைத்தது. கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவளை உள்ளே இழுத்துப்போன பெண்களில் யாரோ மிதித்து ரெக்கை நொறுங்கியது.

அமிர்தவல்லி அண்ணன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நீ வெறுங்கையோட வந்திருந்தாகூட, இல்லாதவன்னு சொல்லிச் சமாளிச்சிருப்பேண்ணா. இத நான் என்னான்னு சொல்லுவேன்?"

சடங்கு நடந்தது. தனக்கொடிக்கு மாமன்தான் மாலை போட வேண்டும், போட்டான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளும் தலை நிமிரவில்லை. பந்தியில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்துவிட்டு எழுந்துபோனான்.

பிறகு மில் திறந்தது, வேலைக்குப் போனான். தவளக்குப்பம் மட்டும் போகவில்லை. சில வருஷம் கழித்துத் தனக்கொடிக்குக் கல்யாணம். அம்மாவோடு அவளும் வந்து, "மாமா, நீ கண்டிப்பா வரணும்" என்று கூப்பிட்டாள். "வராம இருப்பனாம்மா?" என்றான். புது வேட்டி கட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினான். கூட்ரோட்டில் இறங்கியதும் மேளச் சத்தம் கேட்டது. அதோடு நின்றுவிட்டான்.

"நான் உள்ள வந்தா எல்லாரும் மொதல்ல சீர்த்தட்டத்தான் பாப்பாங்க, அண்ணி. அப்புறம் அந்தப் பிள்ள மொகத்தப் பாப்பாங்க. நீங்க போங்க."

சீரை மணியம்மாள் சுமந்துபோனாள். நாங்கள் திரும்பும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"பிள்ள எப்பிடி இருந்துச்சி?" என்று கேட்டான்.

"ஒன்னத்தான் தேடுச்சி" என்றாள் மணியம்மாள்.

அவன் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.