என் பத்திரிகையை நானே வாசித்தேன்

எங்கள் அப்பா திருமங்கலம் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வையில்லாத எனக்குச் சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டியவர் அவர்தான். ஆனால் அவருடைய வாசிப்பு எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி. பெரிய ஊர்களில் மட்டும்தான் நிற்கும். நடுவில் இருப்பதை எல்லாம் "மத்ததெல்லாம் வழக்கம்போலத்தாம்மா" என்று சொல்லித் தாண்டிவிடுவார். அந்த வழக்கம் என்னவென்று தெரியாமலேயே நான் வளர்ந்தேன். பல நாள் எரிச்சலாக வரும்.

அதனால்தான் கம்ப்யூட்டரில் திரைவாசிப்பான் பழகியதும் அதன்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. திரையில் இருக்கும் எழுத்தை அது குரலாக்கிக் காதில் சொல்லும். உணர்ச்சி கிடையாது, செருமல் கிடையாது, எதையும் விடாது. பக்க எண்ணைக்கூட விடாது. இப்போது பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பாடத்தை அது படபடவென்று ஒப்பிக்கும் வேகத்தைக் கேட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தேன். புடவை, சாப்பாடு, மண்டபம் எதிலும் தலையிட மாட்டேன். பத்திரிகையை மட்டும் அச்சுக்குப் போகும் முன்பு நானே முழுசாக வாசிக்க வேண்டும். ஊரார் பத்திரிகைகளைத்தான் அரைகுறையாகக் கேட்டாயிற்று, என்னுடையதையுமா?

வில்லாபுரத்தில் எங்கள் தெருமுனை அச்சகத்து அண்ணன் புரூப்பை பிடிஎஃப்பாக அனுப்பினார். ஆசையாகத் திறந்தேன். வாசிப்பான் ஆங்கில எழுத்துகளையும் கமாவையும் அடைப்புக்குறியையும் சரமாரியாகக் கொட்டியது. நிறைய அச்சகங்களில் இன்னமும் பழைய எழுத்துருதான். கண்ணுக்கு அது தமிழாகத் தெரியும்; கம்ப்யூட்டருக்கு உள்ளே வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அம்மா பயந்துபோய் அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "கல்யாணப் பத்திரிகையவா இப்படி வையுது?"

போன் செய்தேன். "அண்ணே, என் கம்ப்யூட்டர் வாசிக்க மாட்டேங்குதுண்ணே."

"அப்படியா தங்கச்சி? இந்தா, மாத்தி அனுப்புறேன்."

வந்தது. அதே கொட்டல். மறுபடி கூப்பிட்டால் பெருமையாகச் சொல்கிறார்: "கண்ணு தெரியாத பிள்ளையாச்சேன்னு எழுத்த நல்லாப் பெருசாக்கிருக்கேன். இப்பவுமா வரல?"

கோபப்பட நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. அடுத்து அவர் படமாக அனுப்பினார். வாசிப்பான் "படம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அதற்கும் அடுத்து, பாவம், தன் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து அனுப்பினார். பாதியில், "மத்ததெல்லாம் எல்லாப் பத்திரிகையிலயும் வாரதுதான் தங்கச்சி" என்று முடித்துவிட்டார். இவரும் எக்ஸ்பிரஸ்!

மறுநாள் காலையில் அச்சு ஏற்ற வேண்டும். "விடும்மா, நான் வாசிச்சுச் சொல்றேன். அந்த மனுசனும் எம்புட்டுத்தான் மெனக்கெடுவாரு?" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என் கல்யாணம்ப்பா. அதுலயும் மிச்சம் மீதியத்தான் நான் கேக்கணுமா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என்னை அச்சகத்துக்குக் கூட்டிப் போனார். என் மடிக்கணினியை அங்கே திறந்து, இயர்போனைக் கழற்றிவிட்டு, புரூப்பை ஓடவிட்டேன். அச்சகத்து அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டார். "அடப்பாவமே! உனக்கு இப்படியா கேக்குது?" என்றார். எழுத்தைப் பெரிதாக்கியதை நினைத்து அவருக்கே சிரிப்பு. பிறகு உட்கார்ந்து, வாசிப்பானுக்குப் புரியும் யூனிகோடு எழுத்தில் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் நான் மட்டும் கேட்டேன். பெரியப்பாக்கள், அத்தைகள், மண்டபத்துக்கு வழி, கடைசியில் அச்சகத்தின் பெயர்வரை ஒன்று விடாமல் கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கெத்தாக அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து, இயர்போனில் காதில் விழ விழ நானே சத்தமாக வாசித்தேன்.

"இம்புட்டு இருக்கா இதுல?" என்றார் அப்பா. காலம் முழுக்கப் பத்திரிகை வாசித்தவர்!

மாப்பிள்ளையின் பெயர் வந்தது. எங்கள் அம்மா இன்றுவரை அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. அதை வாய் ஓயாமல் கேலி செய்கிறவள் நான். ஆனால் அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"அப்புறம்... மத்ததெல்லாம் வழக்கம்போலத்தான்ப்பா" என்றேன்.

அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஏத்தா, முக்கியமான ஸ்டாப்ப விட்டுட்டுப் போறியே! வண்டிய ரிவர்ஸ் எடு."

எடுத்தேன். மாப்பிள்ளை பெயரை, முன்னால் இருந்த 'திருவளர்செல்வன்' முதல் பின்னால் இருந்த படிப்புவரை, நல்ல சத்தமாக வாசித்தேன்.

பிறகு அம்மா மெதுவாகச் சொன்னாள், "நல்லாருக்குடி. இன்னொரு தடவ சொல்லு."