நல்லமுத்து பேச வைத்த ஜப்பான்காரி

நல்லமுத்துவுக்கு வழி தெரியாத செம்பனைத் தோட்டம் மலாக்காவில் கிடையாது. லூபோக் சீனாவுக்குப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். மீசை அரும்பிய வயதில் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் ஏறினார். எந்த மண்சாலை எங்கே முடியும், மழைக்கு எது வழுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறகு சொந்தமாக ஆள் சேர்த்துக் குத்தகை வேலை எடுத்தார். அலோர் காஜாவில் வீடு கட்டினார். கோயில் கமிட்டிக்குத் தலைவரானார். தலைவரானதும் லாரி ஓட்டிய கதையைப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். லாரிக்காரனுக்கு வழி தெரிவதில் என்ன பெருமை?

தொண்ணூற்றாறில், ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்கினார். ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் சின்ன டிவி போல ஒரு திரை. சாவியைத் திருப்பினால் வரைபடம் தெரியும், ஒரு பெண்குரல் பேசும். வழிகாட்டும் கருவி. அது காட்டியது ஜப்பானின் வழியை. பேசியதும் அந்த ஊர் மொழியை.

“டாப் மாடல் லா, பாஸ்,” என்றான் விற்றவன். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது.

கப்பலேறிய துறைமுகத்தோடு கருவியின் உலகம் முடிந்திருந்தது. நல்லமுத்து பாசாருக்கு மீன் வாங்கப் போனாலும், திரையில் காரைக் காட்டும் புள்ளி கரையைத் தாண்டி நீலக் கடலுக்குள் போகும். ரேடியோவும் ஜப்பான் அலைவரிசைக்குச் செய்தது; தமிழ் நிலையம் அதில் ஏறவே இல்லை. இதை வடிவமைத்த புண்ணியவான்கள் ரேடியோ, ஏர்கோன் எல்லாவற்றின் பொத்தான்களையும் திரைக்குள்ளேயே வைத்து, ஜப்பானிய எழுத்தில் பெயரும் எழுதியிருந்தார்கள். வெறும் கண்ணாடி. தடவிப் பார்த்தால் எது எதுவென்று விரலுக்குத் தெரியாது. சாலையை மறந்துவிட்டுத் திரையைப் பார்க்க வேண்டும். கார் ஓடும்போது பாதிப் பொத்தான்கள் வேலையும் செய்யாது. அது பாதுகாப்புக்காம்.

முதல் நாள் காரில் ஏறிய கமிட்டிச் செயலாளர் கேட்டார்: “என்ன தலைவரே சொல்லுது?”

“அடுத்த சிம்பாங்ல இடது பக்கம் போகச் சொல்றா,” என்ற நல்லமுத்து சந்திப்பில் இடது பக்கம் திருப்பினார். தபால் நிலையம் வந்தது. செயலாளர் வாயைப் பிளந்தார்.

அன்றிலிருந்து அவள் சொன்னதையெல்லாம் நல்லமுத்து மொழிபெயர்த்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டிச் சேர்த்த அறிவு முழுவதையும் முகம் தெரியாத ஒரு ஜப்பான்காரிக்குத் தானம் செய்தார். ஊரும் அவளைத்தான் மெச்சியது.

மகன் சுரேனுக்குச் சுங்கை ரம்பாயில் பெண் அமைந்தது. நிச்சயத்துக்கு நல்லமுத்துவின் கார் முன்னால் போக, மச்சினன் வடிவேலுவின் வேன் மாப்பிள்ளையையும் சொந்தக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தது. நல்லமுத்துவின் பக்கத்தில் மனைவி திலகா. பின்சீட்டில் அக்கா ராஜம்மா, மடியில் தாம்பூலத் தட்டோடு.

பெரிய சாலையில் போனால் கருவிக்கு என்ன மதிப்பு? ஜாசின் தாண்டியதும் நல்லமுத்து தனக்குத் தெரிந்த தோட்டக் குறுக்கு வழியில் திருப்பினார்.

“உள்ள போகச் சொல்றா.”

உள்ளே தோட்டம் இல்லை. லாரி நிறுத்தி எடை போட்ட இடத்தில் வெள்ளைக்கொடி நட்ட கோல்ஃப் மைதானம். அதைச் சுற்றி, அச்சில் வார்த்ததுபோல் வரிசை வரிசையாகப் புதுவீடுகள். லயம் இருந்த மேட்டையே சரித்திருந்தார்கள். நல்லமுத்து சுற்றிச் சுற்றி அதே கொடிக்கே வந்தார்.

குரல் விடாமல் பேசியது. ஒவ்வொரு பேச்சும் ‘குடசாய்’ என்று முடிந்தது. அது அவர்கள் மொழியில் ‘தயவுசெய்து’ என்பது யாருக்குத் தெரியும்?

“டேய் தம்பி, காடி குடைசாயும்னு சொல்றாளாடா?” என்றார் ராஜம்மா.

“சும்மா இரு அக்கா! மரியாதையாத்தான் பேசுறா,” என்றார் நல்லமுத்து. கருவியைச் சரிபார்ப்பதுபோல் திரையில் எதையோ அழுத்தினார். ஏர்கோனிலிருந்து அடுப்புச் சூடு கிளம்பியது. பதறிப்போய் மறுபடி அழுத்தினார். ரேடியோ இரைந்தது. சூடு குறையவில்லை.

திலகா முதன்முறையாகத் திரையை உற்றுப் பார்த்தாள். “ஏங்க, நாம கடலுக்குள்ளயா போய்க்கிட்டிருக்கோம்?”

நல்லமுத்து கார்க் கண்ணாடிகளை இறக்கினார். கட்டுமானப் புழுதி உள்ளே வந்து வேர்த்த முகங்களில் அப்பியது. தட்டிலிருந்த மல்லிகை வாடிச் சுருண்டது. பின்னால் வேன் ஹாரன் அடித்தது, வடிவேலு தலையை நீட்டி, “மச்சான், அந்தம்மா என்னதான் சொல்லுது?” என்று கத்தினான்.

“நிறுத்துங்க,” என்றாள் திலகா. இறங்கி, சாலையோரம் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பீசாங் கோரேங் பொரித்துக்கொண்டிருந்த மலாய் அம்மாளிடம் நேராகப் போனாள். “மக்சிக், சுங்கை ரம்பாய் ஈக்குத் மானா?” என்று வழி கேட்டாள். அந்த அம்மாள் கரண்டியால் ஒரு திசையைக் காட்டினார். வேலை முடிந்தது.

பெண் வீட்டில் நல்ல நேரம் கழிந்தும் காத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ரங்கசாமி வாசலுக்கே வந்துவிட்டார்.

“என்னங்க சம்பந்தி, இவ்வளவு லேட்டு?”

“ரோட்டுல ஜேம் லா. மெஷின் சுத்தி வரச் சொல்லிருச்சு,” என்றார் நல்லமுத்து.

“ஆமாங்க,” என்றார் ராஜம்மா, புழுதி முகத்தைத் துடைத்தபடி. “கடல் வழியா வந்தோம்.”

பந்தலே சிரித்தது. கொஞ்சம் பிந்தி நல்லமுத்துவும் சிரித்தார்.

மறுநாளே மின்சாரக் கடைக்குப் போய்த் திரையைக் கழற்றச் சொன்னார். கடைக்காரன் எட்டிப் பார்த்துக் கையை விரித்தான்: ஏர்கோன், ரேடியோ எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்; எடுத்தால் முன்பக்கம் ஓட்டைதான் மிஞ்சும். நல்லமுத்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். துண்டுக்கு அடியில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்; ஏர்கோன் சூடும் வந்துகொண்டே இருந்தது.

கல்யாணத்தன்று சுரேன் நண்பனின் புரோட்டோன் காரில் ஏறிக்கொண்டான். நல்லமுத்துவின் கார் எல்லா வண்டிகளையும் முன்னால் விட்டு, கண்ணாடிகளை இறக்கிக்கொண்டு, கடைசியாக வந்தது.

“பாத்தியா, இவ்வளவு வசதி இருந்தும் தலைவருக்கு என்ன ஒரு பணிவு!” என்றார் செயலாளர்.

நல்லமுத்து அதை மறுக்கவில்லை.