சின்னவள் காது வைத்த பக்கம்

என் வீட்டுக்காரருக்கு நான் மூத்த தாரம். எனக்குப் பிள்ளை இல்லை என்று இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து என் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது.

கொடும்பாளூர்ப் பாதையில் மாட்டுவண்டி குடைசாய்ந்து அவருக்குத் தோள் எலும்பு நொறுங்கியது. ஆசுபத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, அறுத்து, கம்பி வைத்துக் கட்டினார்கள். ஒருத்திதான் கூட இருக்கலாம் என்றார்கள். பகல் முறையை நானே பிடுங்கிக்கொண்டேன். டாக்டர் வருவது பகலில்தானே.

மறுநாள் காலை அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு குத்துகிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று நினைத்து, தாழ்வார அடுப்பில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, நர்சு பார்க்காதபோது ஒத்தடம் கொடுத்தேன். மூச்சு இன்னும் குறுகியது. உதடு நீலம் பாரித்தது. டாக்டர் வந்தால் ஒத்தடத்துக்குத் திட்டுவாரே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கஞ்சி கொண்டுவந்த சின்னவள் அவர் முகத்தைப் பார்த்ததும் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். அத்தனை பேர் பார்க்க, கட்டுப் போட்ட தோளுக்குக் கீழே அவர் நெஞ்சில் காதை வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெக்கங்கெட்டவளே, எந்திரிடி. இது ஆசுபத்திரி.”

அவள் மறுபக்கமும் காதை வைத்துக் கேட்டாள். “கட்டுப் போட்ட பக்கம் மூச்சுச் சத்தமே இல்லக்கா. தெனமும் இங்கிட்டுத்தான தலை வச்சுப் படுக்குறேன், எனக்குத் தெரியாதா?”

சொல்லிவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள். அவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். எனக்கோ அந்தத் ‘தெனமும்’தான் சுருக்கென்று தைத்தது.

டாக்டர் விலாவில் விரலால் தட்டினார். காலிக் குடம் மாதிரிக் கேட்டது. “தோளுக்குக் கீழதான் நுரையீரல். அறுத்துக் கம்பி வைக்கையில ஊசி முனை அதுல பட்டிருக்கு. கசிஞ்ச காத்து நெஞ்சுக்கூட்டுக்குள்ள நின்னு அதை அமுக்கிருச்சு. நல்லவேளை, இந்தம்மா கண்டுபிடிச்சாங்க.”

விலா இடுக்கில் ஊசியை இறக்கி, அதில் ரப்பர் குழாய் மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். காற்று குமிழி குமிழியாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் உதடு பழைய நிறத்துக்குத் திரும்பியது.

மூன்றாம் நாள் சின்னவள் துணி அலசப் போயிருந்தாள். அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, நானும் அதே பக்கம் காதை வைத்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மூச்சு போய் வருவது நன்றாகக் கேட்டது. கண்ணைத் திறக்காமலே அவர் என் தலையைத் தடவினார்.

“என்ன சின்னவளே, இப்பச் சத்தம் கேக்குதா?”

“கேக்குதுங்க” என்றேன், அவள் குரலில்.