சுண்டிப் பார்த்த கணுக்கால்

அன்று காலை எங்கள் வாசலில் இருந்தவர்கள் நான், என் மனைவி, எதிர் வீட்டு பாய். மூன்றே பேர். நாலாவதாக ஒருவர் இருந்திருந்தால் வெட்கத்தில் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

பாய் சவுதியில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அவருக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. டாக்டர் சொன்னபடி இரண்டு பேரும் காலையில் நடக்க ஆரம்பித்தோம். விருத்தாசலத்தில் வெயில் ஏறுவதற்குள் நடந்தால்தான் உண்டு. ரயில்வே கேட் வரை போய்த் திரும்புவோம். வராத நாளுக்கு அபராதம் பத்து ரூபாய். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் தள்ளுபடி. நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் கழித்துப் போட்ட உண்டியல் ஒன்றை அதற்காகக் கொண்டுவந்து பாய் வீட்டு ஜன்னலில் வைத்தோம்.

நாலு மாதம் ஒழுங்காக நடந்தேன். அப்புறம் மழையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பில் கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த டாக்டர், "கூடிடுச்சு, தாராளமா நடங்க" என்றார். நான் எட்டாவதோடு நின்றவன். அவர் காட்டிய எக்ஸ்ரே எனக்குப் புகை மாதிரிதான் தெரிந்தது. நடந்து மறுபடி உடைந்தால் வேலை போய்விடும். நடக்காமல் சர்க்கரை ஏறினால் காலே போய்விடும். இரண்டையும் நினைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனியில் என் வேலை, சூளையிலிருந்து வரும் ஜாடிகளை விரலால் சுண்டிப் பார்ப்பது. நல்ல ஜாடி கணீரென்று கேட்கும். கீறல் விட்ட ஜாடியில் சத்தம் அடைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் தினமும் காலையில் கணுக்காலைச் சுண்டுவேன். மொத்தென்று கேட்கும். இன்னும் கூடவில்லை என்று முடிவுசெய்து, எதிர் ஜன்னலைப் பார்த்து, "நாளைக்கு வரேன் பாய்" என்பேன். இப்படியே பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் பாய் வாசலுக்கே வந்துவிட்டார். நான் சுண்டிக்கொண்டிருந்தேன். மனைவியும் அப்போதுதான் பார்த்தாள்.

"என்னாங்க பண்றீங்க?"

சொன்னேன்.

"எங்க, அந்தக் காலயும் சுண்டுங்க" என்றாள்.

சுண்டினேன். அதே மொத்து.

"அப்ப அதுவும் ஒடஞ்சி கெடக்குதா?"

பாய் சிரிக்கவில்லை. குனிந்து தன் முழங்காலைச் சுண்டிக் காதைச் சாய்த்தார். "எனக்கும் சரியில்லண்ணே. ரெண்டு பேரயும் திரும்ப சூளயில வெச்சி எடுக்கச் சொல்லுங்க."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே செருப்பை மாட்டினேன். அன்று பாதி தூரம்தான் போனோம். அடிக்கு ஒரு தடவை கால் வலிக்கிறதா என்று பார்த்தேன். வலிக்கவில்லை.

திரும்பி வந்ததும் பாய் உண்டியலை நீட்டினார். "ஆறு வாரம் தள்ளுபடி. அப்பறம் பதினோரு நாளு, நூத்திப்பத்து." சட்டைப்பையில் ஐம்பதுதான் இருந்தது. போட்டேன்.

இப்போது கேட் வரை போகிறோம். சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. பயம் முழுசாகப் போகவில்லை, ஆனால் செருப்பை மாட்ட யோசிப்பதில்லை. தினமும் திரும்பும்போது பாய், "அண்ணே, பாக்கி?" என்பார். "நாளைக்கு" என்பேன். "அப்ப நாளைக்கும் வருவீங்க" என்று தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். மனைவி பணத்தை எடுத்து வைத்தும் நான் கொடுக்கவில்லை. இன்றைய தேதிக்கு உண்டியலுக்கு நான் தரவேண்டியது அறுபது ரூபாய்.