சீனக் கூடத்தில் ஒரு கதிரை

வாமதேவனின் வேலைநாள் கற்காலத்தில் தொடங்கிச் செல்போன் தொழிற்சாலையில் முடியும். லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் சீனக் கூடத்தில் அவர் காவல் ஊழியர். வாசலில் ஜேட் கல் வளையங்கள். அப்பால் வெண்கலப் பாத்திரங்கள், கல்லறைகளில் கிடைத்த மண் பொம்மைகள், பீங்கான், மைச் சித்திரச் சுருள்கள், பட்டு அங்கிகள். கடைசி மூலையில் இன்றைய சீனக் கலைஞர்களின் படைப்புகள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க வேண்டும், பிறகு திரும்பி நடக்க வேண்டும். ஒரு நாகரிகத்தின் ஐயாயிரம் ஆண்டுகளை வலது முழங்காலின் வலியோடு அவர் நாள் முழுக்கக் கடந்துகொண்டிருந்தார்.

முன்பெல்லாம் கூடத்துக்கு ஒரு கதிரை இருந்தது. ஊழியர்கள் உட்கார்ந்திருந்தால் பார்வையாளருக்கு வரவேற்பு உணர்வு குறைகிறது என்று யாரோ ஆலோசகர்கள் கண்டுபிடித்தார்கள். கதிரைகள் போய்விட்டன. அந்தச் செய்தியை ஊழியர் கூட்டத்தில் அறிவித்த மேலாளர், சக்கரம் பூட்டிய கதிரையில் இப்படியும் அப்படியும் மெல்ல ஆடியபடிதான் அறிவித்தார். அதில் யாருக்கும் வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை.

வாமதேவனுக்கு அறுபத்து நாலு வயது. அகதியாக வந்து, பெட்ரோல் நிலையத்தில் நின்று, பிறகு சூப்பர் மார்க்கெட்டில் நின்று, இப்போது இங்கே நிற்கிறார். ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருந்தது. அதுவரை இந்த வேலை கையை விட்டுப் போகக் கூடாது. அவருக்கு வேறு பெரிய கனவு ஒன்றும் கிடையாது.

நிற்பவனுக்கு வாசிக்க நேரம் உண்டு. கண்ணாடிப் பெட்டிகளின் குறிப்புகளையெல்லாம் அவர் பலமுறை வாசித்திருந்தார், வாசிக்க வாசிக்கச் சலிப்புத்தான் கூடியது. இன்ன பேரரசர் காலத்துக் கோப்பை என்று எழுதியிருக்கும். பேரரசரா மண் பிசைந்தார்? பேரரசரா சூளை வாயில் நின்று வெந்தார்? பட்டு அங்கியின் கீழே 1860இல் 'பெறப்பட்டது' என்று இருக்கும். பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கில் அரண்மனையைக் கொள்ளையடித்துக் கொளுத்திய ஆண்டு அது. வீடு புகுந்து அள்ளியதற்கு எத்தனை பணிவான ஒரு சொல்!

அவருக்குப் பிடித்தது ஒரு மைச் சித்திரம். மலை, மூடுபனி, ஒன்றுமே வரையாத வெள்ளை வெளி. கீழே அரிசியளவு படகு, அதில் ஒரு மனிதன். அந்தக் கூடத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்திருப்பவன் அவன் ஒருவன்தான்.

கடைசி மூலைக்குப் புதிதாக ஒன்று வந்திருந்தது. தெற்குச் சீனாவில் மூடப்பட்ட செல்போன் தொழிற்சாலையிலிருந்து ஒரு கலைஞர் கொண்டுவந்த ஸ்டூல். இரும்புக் கால்கள், முதுகு சாய்க்கப் பலகை இல்லை. ஒரு பெண் அதில் ஆண்டுக்கணக்கில் இருந்து திருகாணி முடுக்கியிருக்கிறாள். தாழ்ந்த மேடையில் அதை வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, தாண்டினால் மணி ஒலிக்கும் ஏற்பாடும் செய்திருந்தார்கள். படைப்பின் பெயர் 'இடைவேளை'. யாரும் உட்கார முடியாத அந்த இருக்கையை யாரும் உட்காராதபடி நின்று காப்பது வாமதேவனின் கடமை. இந்தக் கூத்தை அவர் வீட்டில் சொல்லவில்லை. மனைவி நகுலேஸ்வரி தன் சொந்தங்களிடம் இவரைப் பற்றி வேறு விதமாகச் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் சொன்ன கதை ஒரு புதன்கிழமை வெளுத்தது. வெம்பிளியிலிருந்து தமிழ் முதியோர் சங்கம் சுற்றுலா வந்தது. சங்கத்தோடு நகுலேஸ்வரியின் மூத்த அக்கா கனகாம்பிகையும் வந்தார். எண்பதைத் தொட்ட மனுஷி, கம்பளிக் குல்லாவும் ஊன்றுகோலுமாக.

"எட தம்பி வாமன்! மியூசியத்தில ஆபிசர் எண்டல்லோ நகுலா சொன்னவள். ஆபிசர்மார் இப்பிடித் தூண் மாதிரி நிக்கிறவையோ?"

"இல்லை அக்கா, சும்மா ஒருக்கா மேற்பார்வை பாக்க வந்தனான்."

"ஓம் ஓம், சட்டையிலயே எழுதியிருக்கு மேற்பார்வை எண்டு." அவர் வாமதேவனின் பெயர்ப் பட்டியைக் கோலால் தொட்டுக் காட்டிச் சிரித்தார். பிறகு பீங்கான் பெட்டியைப் பார்த்தார். "இதைவிட வடிவான சாடி கிறீன் ஸ்ட்ரீட் கடையளில குவிச்சு வைச்சிருக்கிறாங்கள். இதுக்குக் கண்ணாடிப் பெட்டியோ?"

"இது எண்ணூறு வரியப் பழசு அக்கா."

"நானும் எண்பது வரியப் பழசுதான். எனக்கு ஆர் பெட்டி செய்து தந்தது?"

மண் பொம்மைகளின் முன் வந்ததும் கனகாம்பிகை கைகூப்பப் போனார். கைகளைச் சட்டைக் கைக்குள் செருகி, தலை தாழ்த்தி வரிசையாக நின்ற உருவங்கள்.

"கும்பிடாதேங்கோ அக்கா. சாமியள் இல்லை, வேலைக்காரர். எசமான் செத்தாப்போல அவருக்குத் துணையா இருக்கட்டும் எண்டு கூடப் புதைச்சது. அதுக்கும் முந்தின காலத்தில உயிரோட இருந்த ஆக்களையே கொண்டு புதைச்சவங்களாம்."

"செத்த பிறகுமோ? அப்ப இதுகளுக்கு ஷிப்ட் முடியிறேல்லையோ?"

வாமதேவன் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான். கடைசி மூலைக்கு வந்தபோது கனகாம்பிகையின் முகம் வெளுத்திருந்தது. "தம்பி, தலை சுத்துது" என்றார். கோல் சறுக்கியது.

யாழ்ப்பாணத்து வீடுகளில் 'வாங்கோ' என்ற சொல்லின் பின்னாலேயே கதிரை வரும். முதியவர் நிற்கிறார் என்றால், கதிரை எங்கே என்று யாரும் யோசிப்பதில்லை. பக்கத்து வீட்டிலிருந்தாவது தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். வாமதேவனின் கை அப்படிப் பழகிய கை. ஒரு கையால் அக்காவைத் தாங்கினார், மறு கையைக் கயிற்றுக்கு மேலால் நீட்டி ஸ்டூலை இழுத்தார். மணி ஒலிக்கத் தொடங்கும் முன்பே "இருங்கோ அக்கா" என்று சொல்லி முடித்துவிட்டார்.

கூடமே திரும்பிப் பார்த்தது. முதுகில் பை மாட்டிய ஒரு சுற்றுலாப் பையன், இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் படமெடுத்தான். கனகாம்பிகை ஸ்டூலில் இருந்தபடி தண்ணீர் குடித்தார். நிறம் திரும்பியதும், "நல்ல உறுதியான சாமான்" என்றார்.

வாமதேவனை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுவாரம் விசாரணை.

அடுத்த கூடத்தில் நிற்கும் இம்மாகுலேற்தான் தொழிற்சங்கப் பிரதிநிதி. பாசையூர்க்காரி, வாயில் பூட்டு இல்லாதவள். விசாரணைக்கு முதல்நாள் போன் எடுத்தாள்.

"அண்ணை, ஒரு சொல்லுத்தான். தெரியாம நடந்தது எண்டு சொல்லுங்கோ. சாதாரணக் கதிரை எண்டு நினைச்சிட்டன், அது கலை எண்டு எனக்கு விளங்கேல்லை எண்டு. அதோட முடிஞ்சுது."

"அந்த ஸ்டூலுக்குக் கீழ இருக்கிற குறிப்பை நான் பாடமாக்கி வைச்சிருக்கிறன் பிள்ளை."

"வைச்சிருங்கோ, ஆர் வேண்டாமெண்டது? எங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு நம்ப அவையளுக்குக் கஷ்டமே இல்லை. தெரிஞ்சு எடுத்தனான் எண்டு சொன்னியளோ, வேலை போயிடும்."

நகுலேஸ்வரியும் அதைத்தான் சொன்னாள். "உங்கட பெருமையைக் கொண்டுபோய்க் குடுத்தா ஃபாரஸ்ட் கேட் கடையில கிழங்கு தருவாங்களோ? மடையன் மாதிரி ஒரு பத்து நிமிசம் இருந்திட்டு வாங்கோவன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வாமதேவன் படுக்கையில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்தார். சின்னப் பொய். இந்த நாட்டில் இதைவிடப் பெரியவற்றுக்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார். படித்த படிப்பைக் கேட்டவர்களிடம், அது இங்கே செல்லாது என்று தானே சொல்லியிருக்கிறார். பெயரை வெட்டிக் குறுக்கி 'வாம்' என்று கூப்பிட்டவர்களுக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மடையனாகி, இனி ஆவதற்கு மிச்சம் ஒன்றுமில்லை என்பதுபோல ஒரு களைப்பு அவருக்கு வந்திருந்தது. சண்டை பிடிக்கிற தெம்பு இல்லை. பொய்யை நினைவில் வைத்திருக்கிற தெம்பும் இல்லை.

விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. மேலாளர் மரியாதையான இளைஞர். பக்கத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண். வாமதேவனுக்குத் துணையாக இம்மாகுலேற்.

"அது சாதாரண இருக்கை என்று நினைத்துவிட்டீர்கள், அப்படித்தானே?" மேலாளர் அன்பாகக் கேட்டார். பதிலையும் அவரே தட்டில் வைத்து நீட்டினார்.

இம்மாகுலேற் மேசைக்குக் கீழே வாமதேவனின் சப்பாத்தை மிதித்தாள்.

"இல்லை" என்றார் வாமதேவன். "அது காட்சிப் பொருள் என்று எனக்குத் தெரியும். தொழிலாளிகளுக்குக் கிடைக்காத ஓய்வைப் பற்றியது என்று நீங்கள்தான் கீழே எழுதியிருக்கிறீர்கள். ஒரு வயதான மனுஷி விழப் பார்த்தார். கூடத்தில் வேறு இருக்கை இல்லை. இருந்ததை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்."

மனிதவளப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். இம்மாகுலேற் தன் காலை எடுத்துக்கொண்டாள். பிறகு, கயிற்றைத் தாண்டியது ஒருபுறம் இருக்க, ஒரு பார்வையாளர் விழுந்து காயப்பட்டு வழக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் அமைதியாக விளக்கத் தொடங்கினாள். வழக்கு என்ற சொல்லுக்கு மேலாளரின் காது நிமிர்ந்தது. வாமதேவன் சொன்ன நியாயத்துக்கு அது நிமிரவில்லை.

வேலை போகவில்லை. எழுத்தில் இறுதி எச்சரிக்கை கொடுத்தார்கள், இன்னொரு பிழை நடந்தால் நேரே வாசல்தான். ஸ்டூலுக்குச் சேதமில்லை என்று பழுதுபார்ப்போர் சான்று சொன்னார்கள். நகுலேஸ்வரி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அக்கா கேட்டவா, தம்பிக்கு ஏதும் பிரச்சினையோ எண்டு. ஒண்டுமில்லை எண்டிட்டன்" என்று தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் சீனக் கூடத்துக்கு ஒரு கதிரை வந்தது. நல்ல மரக் கதிரை, கைப்பிடியோடு. ஸ்டூலுக்கு நேரே எதிர்ச் சுவரோரம் வைத்தார்கள். முதுகில் சின்ன அறிவிப்பு: பார்வையாளர்களுக்கு மட்டும். ஊழியர் பயன்படுத்தக் கூடாது என்று தனியாக மின்னஞ்சலும் வந்தது. இப்போது வாமதேவன் நின்றுகொண்டு காக்க வேண்டிய இருக்கைகள் இரண்டு.

இரண்டு வாரம் பார்த்தார். அதில் பெரும்பாலும் யாரும் இருக்கவில்லை. மேல்கோட்டுகள்தான் இருந்தன.

பிறகு ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளைக்கு அவரை விடுவிக்க இம்மாகுலேற் வந்தாள். ஊழியர் அறை நிலவறையில் இருந்தது, படிகள் செங்குத்து. வாமதேவன் படிப்பக்கம் போகவில்லை. பெயர்ப் பட்டியைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டார். சீருடைக் கோட்டைக் கழற்றி, உட்புறம் வெளியே தெரிய மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். மற்ற எல்லாரையும் போல மெதுவாக நடந்து வந்து அந்த மரக் கதிரையில் இருந்தார்.

இம்மாகுலேற் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா எந்த ஊரில இருந்து வந்திருக்கிறியள்?"

"ஈஸ்ட் ஹாம்."

"கயிற்றைத் தாண்டாதேங்கோ ஐயா. இஞ்ச ஒரு ஆள் தாண்டிப் பெரிய பிரச்சினையாப் போச்சு."

"மடையனாக்கும்."

"சரியான மடையன்" என்றுவிட்டு அவள் ஜேட் வளையங்களின் பக்கம் நடந்தாள்.

இருந்து பார்க்கும்போது ஸ்டூல் வேறு மாதிரித் தெரிந்தது. நிற்கிற உயரத்திலிருந்து இத்தனை நாளும் தட்டின் மேற்பக்கத்தைத்தான் பார்த்திருந்தார். இப்போது அதன் விளிம்புக்குக் கீழே, தொடையில் இரும்பு அறுக்காமலிருக்க யாரோ ஒருத்தி சுற்றித் தைத்த துணி தெரிந்தது. பூப்போட்ட பழைய துணி, எண்ணெய்க் கறை, தையல் ஒரு இடத்தில் பிரிந்து மறுபடி வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. குறிப்பில் கலைஞரின் பெயர் இருந்தது. தைத்தவளின் பெயர் அங்கும் இல்லை.

முழங்கால் துடித்துத் துடித்து மெல்ல அடங்கியது. அரை மணித்தியாலம் முடிய இன்னும் நேரம் இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி கீழே லொக்கரில் இருந்தது. வாமதேவன் எழும்பவில்லை.