கதிரை கிடைக்காத உத்தியோகத்தர்

பஹ்மியா கிண்ணியாவைச் சேர்ந்தவர். பட்டம் முடித்து ஆறு வருடம் வீட்டில் இருந்தார். அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாக வேலைக்கு எடுத்தபோது அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவி அவருக்குக் கிடைத்தது. நியமனக் கடிதத்துடன் பிரதேச செயலகத்துக்குப் போன அன்று அவரோடு இன்னும் முப்பது பேர் வந்திருந்தார்கள். அங்கே சும்மா கிடந்தவை பதினொரு கதிரைகள். கர்ப்பிணிகளுக்கு நாலு போயின. மிச்சம், காலையில் முதலில் வந்து சேர்பவர்களுக்கு. கிண்ணியா பஸ் எட்டரைக்கு முன்னர் வருவதில்லை. ஆகவே பஹ்மியாவுக்கு ஒரு நாளும் கதிரை கிடைக்கவில்லை.

"கொஞ்சம் நில்லுங்கோ மிஸ். ஆராவது லீவு போட்டால் இருக்கலாம்" என்றாராம் தலைமை எழுதுவினைஞர் சோமசேகரம்.

"ஒருத்தரும் போடாட்டி, சேர்?"

"போடுவினம். இது அரசாங்கக் கந்தோர்."

இரண்டு கிழமை யன்னலோரம் நின்று பார்த்தார். பிறகு சோமசேகரத்திடம் பழைய கோப்புகள் கிடந்த அறையின் திறப்புச் சாவியைக் கேட்டு வாங்கினார். அங்கேயும் கதிரை இல்லை. ஆனால் காணிக் கோப்புகளைக் கயிற்றால் கட்டி நிலத்தில் அடுக்கியிருந்தார்கள். ஒரு கட்டின் மேல் கடதாசி மட்டையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மற்றக் கட்டுகளை அவிழ்த்துத் தூசி தட்டினார். கரையான் தின்றதைத் தனியே வைத்தார். மற்றவற்றை ஊர் ஊராகப் பிரித்து, எந்தக் கட்டில் எந்த ஊர் என்று ஒரு கொப்பியில் எழுதினார். மூன்று மாதம் இதைச் செய்தார். யாரும் செய்யச் சொல்லவுமில்லை, ஏன் செய்கிறீர் என்று கேட்கவுமில்லை.

இது எல்லாம் நான் பிறகு அறிந்தது. எனக்கு அவர் அறிமுகமானது கப்பல்துறை என்ற ஊரில், நல்லம்மாவின் வீட்டில்.

நான் நோயாளர் பராமரிப்புப் படித்தவள். ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற பின்னர், படுக்கையில் கிடப்பவர்களை வீடுகளுக்குப் போய்ப் பார்த்து வருகிறேன். நல்லம்மாவுக்கு எழுபத்தாறு வயது. பாரிசவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. கதைப்பார், ஆனால் மெதுவாக, இடையிடையே மூச்சு எடுத்துத்தான் கதைப்பார். உடம்பு துடைத்துக் கஞ்சி கொடுத்த பிறகு ஒன்றரை மணித்தியாலம் தெளிவாக இருப்பார். பத்து மணிக்கு மேல் கண் சொருகிவிடும். அவரைப் பார்த்துக்கொண்டவள் மகள் கீர்த்தனி. நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் செய்யவில்லை. வீட்டிலேயே தையல் தைத்துச் சீவிக்கிறாள்.

அந்த வீடு நிற்பது அரசாங்கக் காணியில். அதற்கு நல்லம்மாவின் பெயரில் ஒரு அனுமதிப்பத்திரம் இருந்தது. பெர்மிட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இப்படிப்பட்ட காணியைத் தனக்குப் பிறகு யார் ஆளவேண்டும் என்று பெர்மிட்காரர் ஒருவரின் பெயரைக் கொடுக்கலாம். அது அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதப்பட்டு, காணிப் பதிவகத்திலும் பதியப்பட வேண்டும். இல்லாவிட்டால் காணி மூத்த பிள்ளைக்குப் போய்விடும்.

மூத்த பிள்ளை தனஞ்சயன். கட்டாரில் வேலை, மனைவி மக்கள் மட்டக்களப்பில். அவர் கெட்டவர் இல்லை. மாதம் தவறாமல் தாயின் மருந்துக்கு அனுப்புவார். ஆனால் தொலைபேசியில் ஒரே பாட்டுத்தான்: "அம்மாக்குப் பிறகு அந்த வீட்டை விலைக்குக் குடுத்திடுவம். தங்கச்சி எங்களோட வந்து இருக்கட்டும்." கீர்த்தனியின் வாடிக்கைக்காரர் எல்லோரும் கப்பல்துறையில். மட்டக்களப்பில் அவளுக்குக் கிடைக்கக்கூடியது அண்ணியின் குசினியில் சமைக்கும் வேலை ஒன்றுதான். அது நல்லம்மாவுக்கும் தெரியும்.

கீர்த்தனி மூன்று முறை கந்தோருக்குப் போனாள். முதல் முறை, பெர்மிட்காரர் நேரில் வரவேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை வான் பிடித்து நல்லம்மாவைப் படுத்தபடியே கொண்டு போனோம். காணி உத்தியோகத்தர் அன்று வெளிக்களத்தில். மூன்றாம் முறை கீர்த்தனி பெர்மிட்டோடு தனியே போனபோது அவர் இருந்தார். பெர்மிட்டைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிளாஸ்ரிக்குக்கு மேல நான் என்னத்தை எழுதுறது, தங்கச்சி?"

நல்லம்மா அதை லெமினேற் செய்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அலுமாரியைத் திறந்தால் லெமினேற் செய்யாத பத்திரம் அருமை. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து ஓடியபோது கடதாசிகளை விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்து எடுத்ததை வெள்ளம் நனைத்தது. அதன் பிறகு எந்தப் பத்திரம் கிடைத்தாலும் முதல் வேலை, போட்டோக் கொப்பிக் கடைக்குப் போய் அதைப் பிளாஸ்ரிக்குக்குள் அடைப்பது. பின்பக்கத்தில் பெயர் எழுதவும் முத்திரை குத்தவும் இடம் வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

கீர்த்தனி வீட்டுக்கு வந்து, அயன்பெட்டியைச் சூடாக்கி அந்தப் பிளாஸ்ரிக்கைக் கழற்றப் பார்த்தாள். தையல்காரிக்கு அயன்பெட்டியில் அப்படி ஒரு நம்பிக்கை. பிளாஸ்ரிக் சுருங்கியது. மேல் மூலை, இலக்கத்தின் கடைசிப் பகுதியோடு கருகிப் போனது.

அதற்கு அடுத்த கிழமைதான் பஹ்மியா வந்தார், முதியோர் கணக்கெடுப்புக்கு. கதிரை இல்லாதவர்கள் வெளிவேலைக்குப் போகலாம் என்றதும் எல்லா ஊருக்கும் பெயர் கொடுத்தவர் அவர். படிவத்தை நிரப்பிவிட்டு, "வேற என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை. கீர்த்தனி கருகிய பெர்மிட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

பஹ்மியா அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"அயன் பண்ணினீங்களா, அக்கா?"

"ஓம் மிஸ்."

"மடிப்பு நல்லா விழுந்திருக்கு."

கீர்த்தனி சிரிக்கவும் மாட்டாமல் அழவும் மாட்டாமல் நின்றாள்.

"இதில ஒரு பிரதி எங்கட கந்தோரிலயும் இரிக்கி. கப்பல்துறைக் காணிக் கட்டு எனக்குத் தெரியும்" என்றார் பஹ்மியா. "மூணு மாசம் அதுக்கு மேலதான் இருந்தனான்."

அடுத்த நாள் பிற்பகலே கோப்பு அகப்பட்டது. அதை வைத்துப் புதுப் பிரதி தயாரிக்கலாம் என்று காணி உத்தியோகத்தரும் ஒப்புக்கொண்டார். படுக்கையில் கிடப்பவரிடம் வீட்டுக்கே வந்து எழுதி எடுக்கலாம், ஆனால் அதற்கு வாகனம் இல்லை என்றார். பஹ்மியா அவரோடு வாதாடவில்லை. அவருடைய மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூன்று நாள் நின்றார். நிற்பது அவருக்குப் பழக்கம்தானே. நாலாம் நாள் அந்த மனிதர் தன் சொந்த மோட்டார் சைக்கிளில் வர உடன்பட்டார். நல்லம்மாவின் மூளை தெளிவாக இருக்கிறது என்று வைத்தியரிடம் கடிதம் எடுத்து வைப்பது என் பொறுப்பு. எந்த நேரம் வரவேண்டும் என்று சொன்னதும் நான்தான். எட்டே முக்கால், அதற்குப் பிந்தக் கூடாது. அதற்காகப் பஹ்மியா அன்று கிண்ணியாவில் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு, கந்தோர்ப் பக்கம் போகாத முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார்.

நல்லம்மாவை நிமிர்த்தித் தலையணை கொடுத்து வைத்திருந்தேன்.

"ஆர் வந்திருக்கினம்?"

"காணிக் கந்தோரிலயிருந்து அம்மா" என்றாள் கீர்த்தனி.

"நான் செத்தாப் பிறகுதான் வருவினம் எண்டு நினைச்சன்."

காணி உத்தியோகத்தர் இருமினார். மகளையும் என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது முறை. அது சரியான முறை. வாசலில் நின்று பார்த்தோம். பக்கத்தில் பஹ்மியா மட்டும் சாட்சிக்காக நின்றார்.

"அம்மா, உங்களுக்குப் பிறகு இந்தக் காணி ஆருக்கு?"

நல்லம்மா கூரையைப் பார்த்தார். வாய் அசைந்தது.

"மூத்தவன்... தனஞ்சயன்..."

அவ்வளவில் மூச்சுப் போதாமல் நிறுத்தினார். காணி உத்தியோகத்தர் தலையை ஆட்டிக்கொண்டு பேனையைக் கடதாசியில் வைத்தார். கீர்த்தனி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் பிழையாகிப் போயிருக்கும்.

"சேர்" என்றார் பஹ்மியா, குரலை உயர்த்தாமல். "அம்மா இன்னும் கதைச்சு முடியல்ல."

"பேரைத்தான் சொல்லிட்டாவே."

"கொஞ்சம் பொறுங்க, சேர்."

பேனை நின்றது. எங்கோ ஒரு கோழி கத்தியது. நான் மனதுக்குள் மூச்சை எண்ணினேன். ஏழு. எட்டு. நல்லம்மா திரும்பவும் வாய் திறந்தார்.

"...அவன் கோவிப்பான். கோவிக்கட்டும். காணி கீர்த்தனிக்கு."

காணி உத்தியோகத்தர் அதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டினார். நல்லம்மாவின் வலது பெருவிரலை நான் முதலே சவர்க்காரம் போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். ரேகை துலக்கமாக விழுந்தது. அவர் போகும்போது பஹ்மியாவிடம், "நீர் சொல்லாட்டி நான் எழுதியிருப்பன்" என்றார். பிழையை ஒத்துக்கொண்ட உத்தியோகத்தர் என்பதால் அவரையும் நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

பெயர் எழுதிய பத்திரத்தைத் தபாலில் போட்டால் பதிவகத்துக்குப் போய்ச் சேர இரண்டு கிழமையாகும். பிரதேச செயலாளரின் கையெழுத்து விழுந்ததும், சாப்பாட்டு நேரத்தில் பஹ்மியாவே அதைக் கையில் கொண்டு போனார். வியாழக்கிழமை பதிவு முடிந்தது. அடுத்த புதன்கிழமை விடியற்காலை நல்லம்மா இறந்தார். இடையில் ஐந்தே நாள்.

தனஞ்சயன் வந்தார். தாய் சொன்னபடியே கோவித்தார். தங்கச்சியோடு கதைக்காமல் நேரே கந்தோருக்குப் போய், படுக்கையில் கிடந்த மனுசியை ஏமாற்றிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டார். பஹ்மியா கோப்பை எடுத்து அவர் முன்னால் விரித்தார். தாயின் வாக்குமூலம் சொல்லுக்குச் சொல் அதில் இருந்தது. 'அவன் கோவிப்பான்' என்ற இடத்துக்கு வந்ததும் தனஞ்சயன் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "அம்மாதான்" என்றார். அடுத்த நாள் கூரையில் ஏறி, ஒழுகிய ஓடுகளை மாற்றிக் கொடுத்துவிட்டு மட்டக்களப்புக்குப் போனார்.

கீர்த்தனி நன்றிக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை வாங்கிக்கொண்டு கந்தோருக்குப் போனாள். 

"எடுத்தா இலஞ்சம், அக்கா. கொண்டுபோங்க" என்றார் பஹ்மியா.

"இலவசமா வந்த கதிரையைத் திருப்பி அனுப்பின முதல் ஆள் நீர்தான்" என்றாராம் சோமசேகரம். கீர்த்தனி பஸ்ஸில் அந்தக் கதிரையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இரண்டு மாதம் கழித்து, கீர்த்தனியின் பெயருக்கு மாற்றிய பெர்மிட்டோடு பஹ்மியா அவளுடைய வீட்டுக்கு வந்தபோது அதிலேதான் அவரை இருத்தினாள்.

ஐம்பது வருடமாக நோயாளிகளோடு இருக்கிறேன். நோயில் நல்லபடி பார்க்கப்பட்டு, செத்த பின் ஒரு கடதாசியால் பிள்ளைகள் தெருவுக்கு வந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். சட்டம் அவர்களுக்கும் இருந்தது. கட்டிலடிக்கு அதைக் கொண்டுவர ஆள் இருக்கவில்லை. எங்களுக்கு இருந்தார். அதை எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது.

கீர்த்தனி இம்முறை பெர்மிட்டைப் போட்டோக் கொப்பி எடுத்து, கொப்பியைத்தான் லெமினேற் செய்து சுவரில் மாட்டினாள். அசல் பொலித்தீன் பைக்குள் அலுமாரியில் இருக்கிறது. ஒரு மாதம் போகுமுன் அதை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போய், தனக்குப் பின் யார் என்று பெயர் எழுதிப் பதிந்தாள். தனஞ்சயனின் இளைய மகள்.

"இப்ப என்ன அவசரம், அக்கா? உங்களுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லியே" என்று பஹ்மியா கேட்டாராம்.

"நடந்து வர ஏலும்தானே மிஸ், அதுதான்."